ஷீட்டில் தானே ஏறும் கணக்கு: வெப்ஹூக் பழகுங்கள்

காலை பத்து மணிக்கு அலுவலகம் வந்ததும் ஒரு டேப்பில் ஆன்லைனில் கட்டணம் வாங்கித்தரும் ரேசர்பேயின் டேஷ்போர்டு, இன்னொரு டேப்பில் கூகுள் ஷீட், கையில் வாட்ஸ்அப். நேற்று மாலைக்குப் பிறகு யார் யார் பணம் கட்டினார்கள் என்று பார்த்து, பெயரையும் தொகையையும் ஷீட்டில் ஏற்றி, ஒவ்வொருவருக்கும் ‘கட்டணம் கிடைத்தது, நன்றி’ என்று செய்தி அனுப்பி நிமிர்வதற்குள் மணி பதினொன்றரை. பயிற்சி மையம், துணிக்கடை, டிராவல்ஸ், சின்ன மருத்துவமனை என்று எங்கே போனாலும் இந்த வேலையை ஒருவர் செய்துகொண்டிருக்கிறார். பெரும்பாலும் அந்த அலுவலகத்திலேயே கம்ப்யூட்டர் நன்றாகத் தெரிந்தவரும் அவர்தான்.

அவருக்காகத்தான் இந்தக் கட்டுரை. கோடிங் படிக்காமலேயே அந்த ஒன்றரை மணி நேரத்தை அவர் மீட்டுக்கொள்ளலாம். அதற்கான வழி வெப்ஹூக். இணைத்து முடிக்க அரை மணி நேரம் போதும். அதை நம்பிக் கையை எடுத்துவிடலாம் என்கிற நிலைக்குக் கொண்டுவர மட்டும் கொஞ்சம் விவரம் வேண்டும். அந்த விவரத்துக்குத்தான் வேலைச் சந்தையில் மதிப்பு இருக்கிறது. ஆகவே இணைப்பதைச் சுருக்கமாகவும், அதன்பின் வரும் சிக்கல்களை விரிவாகவும் சொல்கிறேன்.

பாஸ்புக்கும் எஸ்எம்எஸ்ஸும்

கணக்கில் பணம் வந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள முன்பெல்லாம் பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போய் என்ட்ரி போட்டுப் பார்ப்போம். வந்திருந்தால் சரி, வரவில்லை என்றால் நாளைக்கு மறுபடி. இப்போது பணம் விழுந்த நொடியே எஸ்எம்எஸ் வருகிறது. நாம் போய்க் கேட்கவில்லை, வங்கியே சொல்கிறது.

மென்பொருள்களுக்கு இடையிலும் இதே இரண்டு வழிகள் உண்டு. ஒரு செயலி இன்னொன்றிடம் குறிப்பிட்ட இடைவெளியில் போய் ‘புதிதாக ஏதாவது வந்திருக்கிறதா?’ என்று கேட்பது முதல் வழி. இதற்குப் போலிங் என்று பெயர். செயலிகளை ஒன்றோடொன்று இணைக்கும் கருவியான ஜாப்பியரின் இலவசத் திட்டத்தில் இப்படிக் கேட்கும் இடைவெளி 15 நிமிடம். வாடிக்கையாளர் பணம் கட்டிவிட்டுக் கவுன்ட்டரில் நின்றுகொண்டிருக்கும்போது 15 நிமிடம் என்பது நீண்ட நேரம். இரண்டாவது வழி வெப்ஹூக். விஷயம் நடந்த உடனே, நடந்த இடமே நாம் கொடுத்த முகவரிக்குத் தகவலை அனுப்பிவிடும். 2007இல் ஜெஃப் லிண்ட்சே என்ற அமெரிக்க மென்பொருளாளர் இந்த யோசனைக்கு வெப்ஹூக் என்று பெயர் வைத்தார். பெயர் நிலைத்துவிட்டது.

உள்ளே நடப்பது எளிமையானது. பெறுகிற கருவி ஒரு இணைய முகவரியைத் தரும். அனுப்புகிற செயலியின் செட்டிங்ஸில் அந்த முகவரியை ஒட்டுகிறோம். சம்பவம் நடந்ததும் அனுப்புகிற செயலி அந்த முகவரிக்கு ‘போஸ்ட்’ என்கிற வகையில் ஒரு தகவல் பொட்டலத்தை அனுப்பும். பொட்டலத்துக்குள் விவரங்கள் பெரும்பாலும் ஜேசன் வடிவில் இருக்கும்: ஒவ்வொரு விவரத்துக்கும் ஒரு பெயர், அதற்கு எதிரே ஒரு மதிப்பு. வாங்கிக்கொண்ட பக்கம் ‘200’ என்று பதில் சொன்னால் பட்டுவாடா முடிந்தது. இந்த 200 பின்னால் ஒரு பெரிய பிரச்சினையில் மறுபடி வரும், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எந்தக் கருவி?

இதில் அதிகம் யோசித்து நாளைக் கடத்தவேண்டாம். ஜாப்பியர் பழக எளிது, ஆனால் அதில் வெப்ஹூக் வசதி கட்டணத் திட்டத்தில்தான் கிடைக்கும். மேக், முன்பு இன்டெக்ரோமேட் என்ற பெயரில் செக் நாட்டின் பிராக் நகரில் தொடங்கப்பட்டு 2022இல் பெயர் மாறியது. இலவசத் திட்டத்திலேயே வெப்ஹூக் உண்டு, தகவல் எந்த வழியாக ஓடுகிறது என்பது திரையில் படமாகவே தெரியும். பழகுவதற்கு இதைத்தான் சொல்வேன். உங்கள் நிறுவனம் ஏற்கெனவே சோஹோவில் ஓடுகிறது என்றால், அதே சென்னை நிறுவனத்தின் சோஹோ ஃப்ளோ போதும். வெளியே போகவேண்டிய தேவை இல்லை. வாடிக்கையாளர் தகவல் வெளியார் சர்வருக்குப் போகக்கூடாது என்று மேலாளர் சொன்னால் என்8என். 2019இல் பெர்லினில் பிறந்த இதை உங்கள் சொந்த சர்வரிலேயே நிறுவிக்கொள்ளலாம். ஆனால் சர்வரைப் பராமரிக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் இல்லாத அலுவலகத்தில் என்8என்னை நிறுவுவதை நான் ஆதரிக்கமாட்டேன்.

அனுப்புகிற பக்கத்தில் ஒரு தடங்கல் வரும், முன்பே சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் எல்லோரும் பயன்படுத்தும் கூகுள் ஃபார்ம்ஸின் செட்டிங்ஸில் வெப்ஹூக் முகவரியை ஒட்ட இடமே கிடையாது. அதற்குச் சின்ன ஆப்ஸ் ஸ்கிரிப்ட் எழுதவேண்டும், அல்லது மேக்கில் இருக்கும் கூகுள் ஃபார்ம்ஸ் இணைப்பை எடுத்துக்கொள்ளவேண்டும். டாலி, ஜாட்ஃபார்ம், டைப்ஃபார்ம், சோஹோ ஃபார்ம்ஸ் ஆகிய படிவச் சேவைகளில் முகவரியை ஒட்டினாலே போதும்.

ஒரு கட்டணம், கண்ணெதிரே

ரேசர்பேயில் பணம் விழுந்ததும் கூகுள் ஷீட்டில் ஒரு வரி ஏறவேண்டும். இதைச் செய்து பார்ப்போம்.

மேக்கில் புதிய சினாரியோ (வேலை வரிசை) திறந்து, முதல் மாட்யூலாக (படியாக) ‘கஸ்டம் வெப்ஹூக்’கை வையுங்கள். அது ஒரு முகவரி தரும், காப்பி செய்துகொள்ளுங்கள். ரேசர்பே டேஷ்போர்டில் முதலில் டெஸ்ட் மோடுக்கு மாறி, செட்டிங்ஸில் வெப்ஹூக் பகுதிக்குப் போய் அந்த முகவரியை ஒட்டுங்கள். சீக்ரெட் என்று ஒரு கட்டம் இருக்கும். அங்கே யாரும் ஊகிக்க முடியாத நீண்ட சொல்லைக் கொடுத்து, அதைப் பத்திரமாகக் குறித்து வையுங்கள். அலர்ட் ஈமெயில் கட்டத்தில் தினமும் பார்க்கிற மெயிலைக் கொடுங்கள்.

அடுத்து, எந்தெந்தச் சம்பவங்களுக்குத் தகவல் வேண்டும் என்று பட்டியல் வரும். எல்லாவற்றையும் டிக் அடித்துவிடத் தோன்றும், அடிக்காதீர்கள். ‘பேமென்ட் ஆத்தரைஸ்டு’ என்றால் வங்கி ஒப்புதல் தந்திருக்கிறது என்று பொருள். ‘பேமென்ட் கேப்சர்டு’ என்றால்தான் அந்தப் பணம் வணிகர் பக்கம் எடுத்துக்கொள்ளப்பட்டது. ‘ஆர்டர் பெய்டு’ அதே கட்டணத்தை ஆர்டரின் கணக்கில் சொல்கிறது. மூன்றையும் தேர்ந்தெடுத்தால் ஒரே மாணவரின் ஒரே கட்டணம் மூன்று வரியாக ஏறும். நமக்கு வேண்டியது கேப்சர்டு மட்டும்.

இப்போது மேக்கில் ‘ரன் ஒன்ஸ்’ அழுத்திவிட்டு, ஒரு டெஸ்ட் கட்டணம் செலுத்துங்கள். சில நொடிகளில் பொட்டலம் வந்து விழும். இந்த இடத்தில்தான் பெரும்பாலானோர் அவசரப்படுகிறார்கள். பொட்டலம் வந்த மகிழ்ச்சியில் உடனே ஷீட்டை இணைத்து, பெயரைப் பெயரோடும் தொகையைத் தொகையோடும் பொருத்திவிட்டு எழுந்துவிடுகிறார்கள். நான் சொல்வது: முதலில் அதைத் திறந்து, ஒரு விண்ணப்பப் படிவத்தைப் படிப்பதுபோல வரி வரியாகப் படியுங்கள்.

நான் முதன்முதலில் ஒரு பயிற்சி மையத்துக்கு இப்படி இணைத்துக் கொடுத்தபோது, மறுநாள் காலை வரவேற்பில் இருந்த பெண் கூப்பிட்டாள்.

“அக்கா, ஷீட்ல ஒருத்தங்க ஒன்றரை லட்சம் கட்டினதா இருக்கு. நம்ம ஃபீஸ் ஆயிரத்து ஐநூறுதானே?”

அவள் சொன்னது சரி. பொட்டலத்தில் அமவுண்ட் என்ற பெயருக்கு எதிரே இருந்தது 150000. அது ரூபாய் இல்லை, பைசா. பணம் வாங்கும் சேவைகள் பலவும் தசமப் புள்ளிக் குழப்பத்தைத் தவிர்க்க, தொகையை மிகச் சிறிய அலகில்தான் அனுப்பும். 100ஆல் வகுத்து ஷீட்டுக்கு அனுப்பவேண்டும். பொட்டலத்தைப் படித்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

அதே பொட்டலத்தில் ‘கிரியேட்டட் அட்’ என்ற இடத்தில் 1735689600 போல ஒரு பத்து இலக்க எண் இருக்கும். 1970 ஜனவரி 1 முதல் யூடிசி நேரப்படி எத்தனை நொடிகள் ஆயின என்ற கணக்கு அது. மேலே சொன்ன எண்ணுக்கு நம் நேரம் 2025 ஜனவரி 1, காலை 5.30. ஷீட்டிலேயே மாற்றவேண்டும் என்றால் எண்ணோடு 19800 கூட்டி (ஐந்தரை மணி நேரத்துக்கான நொடிகள்), 86400ஆல் வகுத்து, 25569 கூட்டி, கட்டத்தைத் தேதி வடிவத்துக்கு மாற்றுங்கள். இந்த ஐந்தரை மணி நேரத்தை விட்டுவிட்டால் என்ன ஆகும்? நள்ளிரவுக்கும் அதிகாலை ஐந்தரைக்கும் இடையில் கட்டியவர்கள் எல்லோரும் முந்தைய தேதியில் விழுவார்கள். ஏப்ரல் 1 அதிகாலை 2 மணிக்குக் கட்டிய பணம் மார்ச் 31 என்று ஏறும், அதாவது போன நிதியாண்டில். ஆடிட்டர் கேட்கும்போதுதான் அது தெரியவரும்.

தொலைபேசி எண் +91 என்று தொடங்கும். ஷீட் அந்த + குறியைக் கணக்குக் குறியாக எடுத்துக்கொண்டு வெறும் எண்ணாக மாற்றிவிடும். அந்த நெடுவரிசையை முன்கூட்டியே ப்ளெயின் டெக்ஸ்ட்டாக மாற்றி வையுங்கள். ‘நோட்ஸ்’ என்ற பகுதியைக் கவனியுங்கள். கட்டணப் பக்கத்தில் நீங்கள் வைத்த மாணவர் பெயர், வகுப்பு போன்ற கட்டங்கள் அங்கேதான் வரும். ‘ஃபீ’, ‘டாக்ஸ்’ என்று இரண்டு எண்களும் இருக்கும். சேவைக்காக எவ்வளவு பிடித்தார்கள் என்பது அது, அதுவும் பைசாவில்தான். அதையும் ஒரு நெடுவரிசையில் ஏற்றிவிட்டால் வங்கியில் வந்து சேர்ந்த தொகையோடு ஒத்துப்பார்ப்பது கணக்கருக்கு எளிதாகும். கேட்காமலே இதைச் செய்து கொடுங்கள். கணக்குப் பிரிவில் உங்களுக்கு ஒரு நண்பர் கிடைப்பார்.

ஒரே செய்தி மூன்று முறை

இனி, 200க்கு வருவோம்.

அதே பயிற்சி மையத்தில், சேர்க்கை நெருக்கடியான ஒரு நாளில் ஒரு தந்தை பதறிக்கொண்டு அழைத்தார். “மேடம், மூணு தடவை மெசேஜ் வந்திருக்கு. மூணு தடவையும் பணம் பிடிச்சிட்டாங்களா?” வங்கியில் ஒருமுறைதான் பிடித்திருந்தது. ஷீட்டில் மூன்று வரி. வாட்ஸ்அப்பில் மூன்று நன்றி. அவர் மட்டும் இல்லை, அன்று ஏழெட்டுப் பேருக்கு அப்படி. ஒவ்வொருவரையும் அழைத்து விளக்கம் சொல்ல மாலையாகிவிட்டது.

தவறு என்னுடையது. ஷீட்டில் ஏற்றி, ரசீது உருவாக்கி, செய்தி அனுப்பி, எல்லாம் முடிந்த பிறகு கடைசியில் 200 என்று பதில் சொல்லும்படி அமைத்திருந்தேன். ‘வேலை முடிந்த பிறகுதானே முடிந்தது என்று சொல்லவேண்டும்’ என்று நினைத்தேன். ஆனால் அனுப்புகிற சேவை அவ்வளவு நேரம் காத்திருக்காது. குறித்த நொடிகளுக்குள் பதில் வராவிட்டால் ‘போய்ச் சேரவில்லை’ என்று முடிவுகட்டி மறுபடி அனுப்பும். ரேசர்பே காத்திருப்பது 5 நொடி, நிரலாளர்கள் பயன்படுத்தும் கிட்ஹப் 10 நொடி. ரசீது உருவாக்கும் மாட்யூல் மட்டுமே நெரிசலில் அதைவிட அதிகம் எடுத்துக்கொண்டது. வெப்ஹூக்கில் 200 என்றால் ‘பொட்டலம் கிடைத்தது’ என்று மட்டும்தான் பொருள். கையெழுத்துப் போட்டுப் பார்சலை வாங்கிக்கொண்டு, உள்ளே போய்ப் பிரித்துப் பார்ப்பதுபோல.

ஆகவே முதல் விதி: வந்தவுடன் 200 சொல்லுங்கள், வேலையைப் பிறகு செய்யுங்கள். மேக்கில் ‘வெப்ஹூக் ரெஸ்பான்ஸ்’ மாட்யூலை நீங்களாக வைக்காவிட்டால் அது தானாகவே உடனே ‘கிடைத்தது’ என்று பதில் சொல்லிவிடும். தேவையில்லாமல் நான் அந்த மாட்யூலைக் கடைசியில் வைத்ததுதான் வினை.

உடனே பதில் சொன்னாலும் இரட்டைப் பட்டுவாடா முற்றிலும் நிற்காது. ஒருமுறையாவது கண்டிப்பாகச் சேர்ப்பேன் என்பதுதான் பெரும்பாலான சேவைகள் தரும் உறுதி. ஒரே ஒருமுறைதான் வரும் என்று எவரும் உறுதி தருவதில்லை. அதனால் இரண்டாவது விதி: ஷீட்டில் வரி சேர்ப்பதற்கு முன், அந்தக் கட்டண எண் (பொட்டலத்தில் வரும் பேமென்ட் ஐடி) ஏற்கெனவே இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். மேக்கில் ‘சர்ச் ரோஸ்’ மாட்யூல், அதன்பின் ஒரு ஃபில்டர். ஐந்து நிமிட வேலை. பெயரையோ தொலைபேசி எண்ணையோ வைத்துத் தேடாதீர்கள். அண்ணன் தங்கை இருவருக்கும் ஒரே அப்பா, ஒரே எண்ணிலிருந்து கட்டுவார். கட்டண எண் மட்டும்தான் ஒவ்வொன்றுக்கும் தனி.

கூர்மையாகக் கவனிப்பவர்களுக்கு ஒரு கேள்வி எழும்: ஒரே செய்தியின் இரண்டு பிரதிகள் ஒரே நொடியில் வந்தால்? இரண்டும் தேடும், இரண்டுக்கும் ‘இல்லை’ என்றே பதில் கிடைக்கும், இரண்டும் ஏறிவிடும். சினாரியோ செட்டிங்ஸில் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யச் சொல்லும் ‘சீக்வென்ஷியல் ப்ராசஸிங்’ தேர்வை இட்டுவிட்டால் இது தீரும். கொஞ்சம் வேகம் குறையும், பரவாயில்லை. பணக் கணக்கில் வேகத்தைவிடச் சரியாக இருப்பது முக்கியம்.

வரிசை மாறியும் வரலாம். ‘கேப்சர்டு’ முதலில் வந்து, ‘ஆத்தரைஸ்டு’ பிறகு வந்து சேர்வது உண்டு. கடைசியாக வந்த செய்திதான் இப்போதைய நிலை என்று ஒருபோதும் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

முகவரி என்பது சாவி

வெப்ஹூக் முகவரியைப் பார்த்தால் நீளமாக, அர்த்தமில்லாத எழுத்துகளாக இருக்கும். அந்த நீளம்தான் அதன் பூட்டு. முகவரி தெரிந்த எவரும் அதற்குப் பொட்டலம் அனுப்பலாம். ‘இந்த மாணவர் பணம் கட்டிவிட்டார்’ என்று ஒருவர் தானே எழுதி அனுப்பினால், உங்கள் சினாரியோ நம்பிக்கொண்டு ஷீட்டில் ஏற்றி, ரசீதும் அனுப்பிவிடும். அலுவலக வாட்ஸ்அப் குழுவில் ‘இதைச் செய்து முடித்துவிட்டேன்’ என்று ஸ்கிரீன்ஷாட் போடுகிறவர்கள், அதில் முகவரி தெரிகிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டுப் போடுங்கள்.

முறையான காவல் கையொப்பச் சரிபார்ப்பு. நீங்கள் கொடுத்த சீக்ரெட் சொல்லையும் பொட்டலத்தையும் சேர்த்து, எச்மேக் எஸ்ஹெச்ஏ-256 என்ற கணக்கின்படி ஒரு முத்திரையை அனுப்புகிறவர் உருவாக்கி, பொட்டலத்தின் மேலுறைபோல இருக்கும் ஹெடரில் வைத்து அனுப்புவார். நீங்களும் அதே கணக்கைப் போட்டு, இரண்டு முத்திரையும் ஒன்றுதானா என்று பார்க்கவேண்டும். இதற்குப் பொட்டலம் வந்த வடிவிலேயே, ஓர் இடைவெளிகூட மாறாமல் வேண்டும். கருவி அதைப் பிரித்து அடுக்கிய பிறகு கணக்குப் போட்டால் முத்திரை பொருந்தாது. ஜாப்பியரில் ‘கேட்ச் ரா ஹூக்’, மேக்கில் ‘ஜேசன் பாஸ்-த்ரூ’, என்8என்னில் ‘ரா பாடி’ ஆகியவை இதற்காகத்தான் இருக்கின்றன.

இது கடினமாகத் தோன்றினால் நடைமுறையில் இன்னொரு வழி உண்டு. வந்த பொட்டலத்திலிருந்து கட்டண எண்ணை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணைக் கொடுத்து, ‘இது உண்மையிலேயே கட்டப்பட்டதா, எவ்வளவு?’ என்று சேவையின் ஏபிஐயிடமே (பிற செயலிகளின் கேள்விக்குப் பதில் தரும் வாசல்) கேளுங்கள். அங்கிருந்து வரும் பதிலை மட்டும் ஷீட்டில் ஏற்றுங்கள். போலிப் பொட்டலம் இந்த இடத்தில் விழுந்துவிடும். ஒரு படி கூடுகிறது, ஆனால் தொடக்கநிலையில் இருப்பவருக்கு இதுவே பாதுகாப்பு.

இன்னொன்றையும் மனத்தில் வையுங்கள். ஒவ்வொரு இணைப்பும் யாரோ ஒருவரின் பெயர், எண், மெயில் ஆகியவற்றை ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குப் பிரதியெடுக்கிறது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் இயற்றப்பட்டிருக்கிறது. சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை; நம்மை நம்பித் தந்த தகவல் அது. ரசீதுக்குத் தேவையில்லாத பிறந்த தேதியையும் முகவரியையும் ஆதார் எண்ணையும் ஷீட்டுக்கு அனுப்பாதீர்கள். பொட்டலத்தில் வந்தது என்பதற்காக எல்லாவற்றையும் ஏற்றவேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

சத்தமில்லாமல் நின்றுபோகும்

கையால் செய்கிற வேலை நின்றால் உடனே தெரியும். ஆள் வரவில்லை என்று எல்லோரும் கேட்பார்கள். வெப்ஹூக் நின்றால் யாருக்கும் தெரியாது. ஷீட் அமைதியாக இருக்கும். ‘இன்று கூட்டம் குறைவு போல’ என்று நினைத்துக்கொள்வோம். என் அனுபவத்தில் இதுதான் இருப்பதிலேயே பெரிய ஆபத்து.

ஏன் நிற்கும்? என்8என்னில் டெஸ்ட் முகவரி, புரொடக்ஷன் முகவரி என்று இரண்டு உண்டு. டெஸ்ட் முகவரி நீங்கள் ‘லிசன்’ அழுத்திய பிறகு சில நிமிடங்களுக்கு மட்டும் கேட்கும். அதையே ஒட்டிவிட்டு வீட்டுக்குப் போனவர்கள் நிறையப் பேர். மேக்கில் எந்தச் சினாரியோவோடும் சேராமல் ஐந்து நாள் கிடக்கும் வெப்ஹூக் முடக்கப்படும். அதன்பின் வரும் பொட்டலங்களுக்கு 410 என்று பதில் போகும். ரேசர்பேயில் டெஸ்ட் மோடுக்கும் லைவ் மோடுக்கும் வெப்ஹூக்கைத் தனித்தனியாக அமைக்கவேண்டும். டெஸ்டில் எல்லாம் ஓடியது, லைவில் ஒன்றும் வரவில்லை என்று யாராவது சொன்னால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். ஷீட்டில் யாரோ ஒரு நெடுவரிசையின் தலைப்பை அழகாக மாற்றியிருப்பார்கள், அதனாலும் நிற்கும்.

அனுப்புகிற பக்கத்தின் பதிவேட்டில் இருக்கும் எண்களைப் படிக்கப் பழகுங்கள். 404 என்றால் முகவரி தவறு. 401 என்றால் அனுமதி இல்லை. 410 என்றால் அந்த முகவரி இப்போது இல்லை. 429 என்றால் அளவுக்கு மீறி வேகமாக அனுப்புகிறீர்கள். 500இல் தொடங்குபவை பெறுகிற பக்கத்துக் கோளாறு. இந்த ஐந்தும் தெரிந்தால் யார் பக்கம் பிரச்சினை என்று நிமிடத்தில் சொல்லிவிடலாம். கூட்டத்தில் எல்லோரும் ஊகித்துக்கொண்டிருக்கும்போது, பதிவேட்டைத் திறந்து காட்டுகிறவரின் சொல் எடுபடும்.

போய்ச் சேராத பொட்டலங்களை எவ்வளவு காலம் மறுபடி அனுப்புவார்கள் என்பது சேவைக்குச் சேவை மாறும். ஸ்ட்ரைப் என்ற கட்டணச் சேவை மூன்று நாள் வரை முயலும். ரேசர்பே 24 மணி நேரம் முயன்றுவிட்டு, தொடர்ந்து தோல்வி என்றால் அந்த வெப்ஹூக்கையே நிறுத்தி, அலர்ட் ஈமெயிலுக்குத் தகவல் தரும். கிட்ஹப் தானாக மறுபடி அனுப்பாது. நாம்தான் அனுப்பச் சொல்லவேண்டும். உங்கள் சேவைக்கு இது என்ன என்பதை முதல் நாளே ஆவணங்களில் தேடிக் குறித்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு பழைய பழக்கம் காப்பாற்றும்: கடையடைக்கும்போது கல்லாவை எண்ணுவது. இரவு 9 மணிக்கு ஓடும்படி ஒரு தனிச் சினாரியோ போடுங்கள். அன்றைய கட்டணங்களின் எண்ணிக்கையையும் மொத்தத்தையும் ஏபிஐ வழியாகக் கேட்டு, ஷீட்டின் எண்ணிக்கையோடும் மொத்தத்தோடும் ஒப்பிட்டு, வித்தியாசம் இருந்தால் மட்டும் உங்களுக்கு மெயில் அனுப்பட்டும். இதை அமைத்த பிறகுதான் எனக்கு நிம்மதியாகத் தூக்கம் வந்தது.

செலவுக் கணக்கு சுருக்கமாக: மேக்கின் இலவசத் திட்டத்தில் மாதத்துக்கு 1000 படிகள். ஒரு கட்டணத்துக்கு ஐந்து படிகள் ஓடினால், நாளொன்றுக்கு 40 கட்டணம் வருகிற இடத்தில் மாதம் 6000 ஆகும். இலவசம் போதாது. மேலாளரிடம் முதல் நாளே இந்தப் பெருக்கலைப் போட்டுக் காட்டிவிடுங்கள். தேவையற்ற பொட்டலங்களை முதல் மாட்யூலுக்கு அடுத்தே ஃபில்டர் வைத்து நிறுத்தினால் படிகள் மிச்சமாகும். வாட்ஸ்அப் செய்திக்கு மெட்டாவின் அதிகாரபூர்வ வழியையும் ஒப்புதல் பெற்ற டெம்ப்ளேட்டையும் மட்டும் பயன்படுத்துங்கள். குறுக்குவழி செயலிகளை நம்பினால் அலுவலக எண்ணே முடக்கப்படலாம்.

வேலையில் இதை எப்படி நிலைநிறுத்துவது?

யாரையும் கேட்காமல் கட்டணக் கணக்கில் கை வைக்காதீர்கள். தவறு நடந்தால் யாருக்கும் வலிக்காத ஒன்றில் தொடங்குங்கள்: விசாரணைப் படிவம் நிரப்பினால் குழுவுக்கு ஒரு தகவல், விடுப்பு விண்ணப்பம் வந்தால் மேலாளருக்கு ஒரு மெயில். இரண்டு வாரம் கையாலும் செய்யுங்கள், இணைப்பும் ஓடட்டும். இரண்டும் ஒத்துப்போனால் கையை எடுங்கள். அந்த இரண்டு வார ஒப்பீட்டைக் காட்டினால் எந்த முதலாளியும் அடுத்த வேலையைத் தயங்காமல் தருவார்.

கருவிகளின் கணக்கை உங்கள் சொந்த ஜிமெயிலில் திறக்காதீர்கள். நீங்கள் வேலை மாறும் நாளில் எல்லா இணைப்பும் அறுந்துபோகும், உங்கள் பெயரும் கெடும். அலுவலகத்துக்கென்று ஒரு பொது மெயிலில் திறந்து, ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு பக்கக் குறிப்பு எழுதி வையுங்கள்: எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது, என்னென்ன விவரம், நின்றால் எங்கே பார்க்கவேண்டும், சீக்ரெட் யாரிடம் இருக்கிறது. தமிழிலேயே எழுதுங்கள், அடுத்து அந்த நாற்காலியில் உட்காருகிறவருக்குப் புரிந்தால் போதும். ‘நான் இல்லாவிட்டால் நடக்காது’ என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பு என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படிப்பட்டவர்களுக்கு விடுமுறையும் கிடைப்பதில்லை, பதவி உயர்வும் கிடைப்பதில்லை.

நேர்காணலுக்குப் போகும்போது ‘மேக் தெரியும், ஜாப்பியர் தெரியும்’ என்று பட்டியல் சொல்லாதீர்கள். அந்தப் பட்டியல் எல்லோரிடமும் இருக்கிறது. நான் ஆட்களைப் பார்க்கும்போது இரண்டே கேள்விதான் கேட்பேன்: ஒரே செய்தி இரண்டு முறை வந்தால் உங்கள் இணைப்பு என்ன செய்யும்? இரவில் நின்றுபோனால் காலையில் உங்களுக்கு எப்படித் தெரியும்? இரண்டுக்கும் தாம் செய்த ஒன்றை வைத்துப் பதில் சொல்கிறவரை, சான்றிதழ் இல்லாவிட்டாலும் எடுத்துக்கொள்வேன்.

பழகுவதற்குப் பணம் தேவையில்லை. வெப்ஹூக்.சைட் என்ற தளத்தைத் திறந்தால் உடனே ஒரு முகவரி தரும். டாலியில் மூன்று கேள்விகளோடு ஒரு படிவம் செய்து, அந்த முகவரியை அதன் வெப்ஹூக் பகுதியில் ஒட்டுங்கள். படிவத்தைப் பொய்யான பெயர், எண் கொடுத்து நிரப்பி அனுப்புங்கள்; அந்தத் தளம் பொதுவானது, உண்மையான ஆட்களின் தகவல் அங்கே போகவேண்டாம். திரையில் வந்து விழும் பொட்டலத்தை, எந்தக் கருவியையும் இணைக்காமல், முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை இன்றிரவே ஒருமுறை படித்துவிடுங்கள்.